நாற்பத்தொன்றுக்கு அடுத்து எழுபத்தெட்டு

மூன்று வாரம் டைபாய்டில் கிடந்துவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, வகுப்பே வேறு பாஷை பேசிக்கொண்டிருந்தது. சைனாம், காஸாம், டேனாம். அவள் படுக்கையில் விழும்போது முக்கோணம் வெறும் முக்கோணமாகத்தான் இருந்தது. மூன்று பக்கம், மூன்று மூலை, யாருக்கும் தொந்தரவு கிடையாது. எழுந்து வருவதற்குள் அதற்கு இத்தனை சொந்தக்காரர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று தெரியவில்லை. போன மாதம் வரை பின்னத்தைக் கண்டாலே கண் கலங்குகிற பக்கத்து பெஞ்சுக்காரிகூட, "இதுக்கு டேன் போட்டா போதும்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் பென்சில் சீவினாள். அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

கணக்கு டீச்சரை இரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. இரக்கத்தையும் அளந்து கொடுக்கிறவர், அவ்வளவுதான்.

"காய்ச்சல் உனக்குத்தாம்மா வந்துச்சு. பாடத்துக்கு வரல. அது பாட்டுக்கு நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு" என்று சொல்லி, கையால் எழுதிய தாள் ஒன்றை நீட்டினார். இருபது கணக்குகள். திங்கட்கிழமை காலையில் இருபதையும் முடித்துக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே பரீட்சையும் உண்டு. ஐம்பதுக்குக் கீழே வாங்குகிறவர்கள் 'எளிய கணக்கு' பிரிவுக்குப் போய்விட வேண்டும். அங்கே போனவர்களுக்குக் கட்டட வரைபட வகுப்பு கிடையாது.

அந்தக் கடைசி விஷயம்தான் அவளைப் பயமுறுத்தியது. அவளுக்குப் பதினைந்து வயது. ஒன்பது வயதிலிருந்து கண்ணில் பட்ட வெள்ளைத் தாளில் எல்லாம் வீடு வரைகிறவள். காய்ச்சலில்கூட மருந்து டப்பாவைப் பிரித்து அதன் உள்பக்கத்தில், படுத்தபடியே தெருவைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வைத்த அறை ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். அந்த வகுப்பு இல்லையென்றால் அவளுக்குப் பள்ளிக்கூடமே எதற்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் தாளைக் காட்டினாள். அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மகளுக்கு டைபாய்டு என்று கண்டுபிடித்தவளே அவள்தான்.

"என்கிட்ட ரத்தம் கேளு, சொல்றேன். கணக்கு கேக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா போனை எடுத்தாள். "டேய், உன் மருமக கோணக் கணக்குல மாட்டிக்கிட்டா. கொஞ்சம் வந்துட்டுப் போ."

மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வருஷமாகத் தகடுக் கூரை போடுகிறவர். வண்டி நிறுத்துமிடம், கிடங்கு, பட்டறை என்று ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட கூரைக்குக் கீழேதான் மழைக்கு ஒதுங்குகிறார்கள் என்பது அவரே சொல்லிக்கொள்வது. காய்ச்சலில் இளைத்துப்போன மருமகளுக்குக் 'குச்சி' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"கோணமா? என்னக் கேக்கறியா?" நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "குச்சி, நான் தினமும் முக்கோணத்து மேலதான் ஏறி உக்காந்திருக்கேன். நான் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு தப்பாச்சுன்னா, நூறு தடவ இம்போசிஷன் எழுதறேன். போதுமா?"

"எழுதுவீங்களா?"

"எழுதுவேன். தப்பானாத்தானே!"

அம்மா சமையலறையிலிருந்து, "அவன் ஸ்கூல்ல இருக்கும்போதே எழுதினதில்ல" என்று குரல் கொடுத்தாள். மாமாவுக்கு அது காதில் விழவில்லை.

பாடத்தை அவர் கூரையாகவே வரைந்துவிட்டார். கீழே படுத்திருப்பது அடுத்துள்ள பக்கம். நடுவில் நிமிர்ந்து நிற்பது எதிர்ப்பக்கம், அவர் பாஷையில் நடுக்கம்பம். இரண்டையும் இணைத்துச் சாய்வாக ஏறுகிற நீளமான பக்கம் கர்ணம், அதாவது தகடு போகிற வழி. அதுவரை எல்லாம் சரி. அவளுக்குப் பளிச்சென்று புரிந்தும் போயிற்று. மூன்று நாளாக வகுப்பில் புரியாதது மூன்று கோட்டில் புரிந்ததும் மாமாவின் மேல் அவளுக்கு மரியாதையே வந்துவிட்டது.

கோளாறு அதற்கு அடுத்த படியில்தான் இருந்தது. நடுக்கம்பத்தின் உயரத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், தரையில் படுத்த பக்கத்தால் வகுத்தால் டேன் என்று புத்தகம் சொன்னது. மாமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். நான் கூரை மேல உக்காந்து டேப்ப சாய்வு மேல விரிப்பேன். பத்து அடிக்கு எவ்வளவு ஏறுதுன்னு பாப்பேன். அதையே கீழ அகலத்துக்கும் வச்சுப்பேன். இத்தன வருஷத்துல ஒரு கூரை ஒழுகிச்சா? கேட்டுப் பாரு."

"அப்ப எதுக்கு மாமா ரெண்டு பேரு?"

"புத்தகம் கனமா இருக்க வேணாமா?"

அவள் விடவில்லை. முதல் கணக்கு ஒரு சாய்தளம். தரையில் பன்னிரண்டு மீட்டர் நீளம், ஐந்து டிகிரி ஏற்றம், உயரம் எவ்வளவு? கால்குலேட்டரில், புத்தகம் சொன்னபடி டேன் பட்டனை அழுத்திப் போட்டால் 1.050 மீட்டர் வந்தது. மாமா சொன்னபடி சைன் அழுத்திப் போட்டால் 1.046.

"நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் வருது மாமா."

"நாலு மில்லிமீட்டரா?" மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து மேஜையில் போட்டார். "இந்தா, இதுல ரெண்டு வச்சா சரியாப் போச்சு. அடியே, ரெண்டு பட்டனும் ஒரே வேலையத்தான் பண்ணுது. ஒண்ணு கெட்டுப்போனா இருக்கட்டும்னு இன்னொண்ண ஸ்பேரா வச்சிருக்கான்."

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவள் கண்ணெதிரே கணக்கு ஒத்துப்போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கணக்கும் சாய்தளம்தான், மூன்றாவது மேட்டுப் பாதை. எல்லாம் ஐந்து டிகிரி, ஏழு டிகிரி. சைனும் டேனும் தோளில் கை போட்டுக்கொண்டு போயின. பிறகு அவள் ஸ்பேர் பட்டனைத் தொடவே இல்லை. வெள்ளி சாயங்காலம் எட்டு, சனிக்கிழமை பகலில் பதினொன்று என்று, அழித்தல் திருத்தல் இல்லாமல், தலைப்புக்கு அடிக்கோடு போட்டு முடித்தாள். மாமா நடுநடுவே வந்து எட்டிப் பார்த்து, "பாரு, கணக்கு தண்ணி பட்ட பாடாயிடுச்சு" என்று பீற்றிக்கொண்டு போனார்.

இருபதாவது கணக்கில் டீச்சர் வேண்டுமென்றே விடையையும் எழுதி வைத்திருந்தார். சரிபார்த்துக்கொள்ளட்டும் என்ற அந்த அளந்த இரக்கம். மரத்தடியிலிருந்து இருபது மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் அறுபது டிகிரி. மரத்தின் உயரம் என்ன? விடை 34.64 மீட்டர்.

அவளுக்கு 17.32 வந்தது.

மறுபடி போட்டாள். மறுபடியும் 17.32. சரியாகப் பாதி. இரண்டு வாஷர் வைத்து அடைக்கிற சந்து இல்லை இது, அரை மரத்தையே காணோம். மாமாவுக்குப் போன் பண்ணினாள்.

"டீச்சர் அவசரத்துல ரெண்டால பெருக்கிட்டாங்க" என்றார் மாமா, பின்னால் கடகடவென்று இரும்பு உருள்கிற சத்தத்தில். "அவங்களுக்கும் மூணு செக்‌ஷன் நோட்டு திருத்தணும்ல. பாவம், விட்டுடு. நாளைக்குக் காலைல ஐஸ்கிரீம் கடைக்காரருக்குக் கம்பி அறுக்கணும், வேலை தலைக்கு மேல இருக்கு."

அவள் போனை வைத்தாள். கால்குலேட்டரைப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்த அந்த ஸ்பேர் பட்டனை அழுத்தினாள். டேன் அறுபது, இருபதால் பெருக்கு. 34.64.

அதன் பிறகு அவள் செய்த காரியத்தை டீச்சர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு தாளில் இரண்டு வரிசை போட்டாள். ஐந்து டிகிரிக்கு சைன் எவ்வளவு, டேன் எவ்வளவு. பத்துக்கு, இருபதுக்கு, முப்பதுக்கு. முதலில் இரட்டைப் பிள்ளைகளாட்டம் ஒரே ஜாடை. இருபதில் லேசான மனஸ்தாபம். நாற்பத்தைந்தில் ஒன்று 0.707, மற்றது முழுசாக 1. எண்பதில் டேன் 5.67 என்று எங்கோ ஏறிவிட்டது. சைன் அப்போதும் ஒன்றைத் தாண்ட முடியாமல் 0.985-இல் நின்றது. எண்பத்தொன்பது போட்டுப் பார்த்தாள். டேன் ஐம்பத்தேழைத் தாண்டியது. அவளுக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. கூரை மேல் உட்கார்ந்திருக்கிற வரை, அதுவும் மாமா போடுகிற தட்டையான கூரை மேல், இது தெரியவே தெரியாது. படுத்த முக்கோணத்தில் சாய்வும் தரையும் ஏறக்குறைய ஒரே நீளம். முக்கோணம் நிமிர நிமிரத்தான் இரண்டும் பிரிகின்றன.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இருபதில் பதினான்கு தப்பு. அடிக்கோடு போட்ட அழகான தப்பு.

அப்போதுதான் ஐஸ்கிரீம் கடை ஞாபகம் வந்தது. கோனைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி கூர்மையான கூரை வேண்டுமென்று கடைக்காரர் படம் கொடுத்திருப்பதாகவும், அறுபது டிகிரி என்றும் மாமா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து டிகிரி, பத்து டிகிரிக்கு மேல் போகாத மனிதர், முதல்தடவையாக அறுபதுக்குப் போகிறார். காலையில் அறுக்கப் போகிறார்.

நேரே போய், "மாமா, நீங்க சொன்னது தப்பு" என்று அவர் ஆட்கள் எதிரில் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. காய்ச்சல் நாட்களில் உள்ளே வரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், வேலை முடிந்து தினமும் வந்து அறை வாசலில் நின்றபடி, கடைக்காரர்களைப் போலப் பேசி நடித்துக் காட்டிவிட்டுப் போனவர் அவர். ஒரு நாள் அவள் கண் திறக்கவில்லை என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். அவர்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் பிரியம் வேறு, இம்போசிஷன் வேறு. மூக்கை உடைக்கத்தான் வேண்டும், அதை அவர் கையாலேயே உடைக்க வைத்தால் என்ன என்று யோசித்தபடி தூங்கிப்போனாள்.

ஞாயிறு காலை பட்டறைக்குப் போனபோது, சிமென்ட் தரையில் சாக்பீஸால் கூரை முழு அளவில் வரைந்தாகிவிட்டிருந்தது. கீழே நாலு மீட்டர் அகலம், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டு மீட்டர். நடுக்கம்பம் 1.73 மீட்டர். பக்கத்தில் மாமாவின் வெல்டர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அறுக்கிற இயந்திரத்தின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள், பச்சைப் பிள்ளை முகத்துடன். "நீங்க சொன்னதுதான் சரி. டீச்சருக்கு நல்லாப் புரியற மாதிரி காட்டணும்."

"அப்படிக் கேளு!"

"நீங்க வரைஞ்ச கூரையில கோணத்த அளந்து காட்டுங்க. போட்டோ எடுத்துக்கறேன். அறுபதுன்னு கருவியே சொல்லுச்சுன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கோணம் பார்க்கும் கருவியை எடுத்து, மேலிருந்த தூசியை ஊதினார். ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியது. வாங்கியதோடு சரி, தட்டைக் கூரைக்கு அவர் கண்ணே போதும். "டேய், வந்து பாரு. ஸ்கூல்ல மாட்டப் போற போட்டோ" என்று வெல்டரையும் கூப்பிட்டார். ஒரு முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, கேமராவுக்காகத் தலையைக் கோதிக்கொண்டு, கருவியின் ஒரு கையைப் படுத்த கோட்டிலும் மறு கையைச் சாய்ந்த கோட்டிலும் பொருத்தினார்.

"படிங்க மாமா, வீடியோவே எடுக்கறேன்."

மாமா குனிந்தார். கருவியைத் திருப்பினார். சட்டையில் துடைத்தார். மறுபடி வைத்தார்.

வெல்டர் எட்டிப் பார்த்து, "நாப்பத்தொண்ணு" என்று உரக்கப் படித்தார்.

"கருவி கெட்டுப்போச்சு."

அவள் பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பாகைமானியை எடுத்து நீட்டினாள். அதுவும் நாற்பத்தொன்றுதான் சொன்னது. வெல்டர், "ரெண்டும் சேந்தா கெட்டுப்போச்சு அண்ணே?" என்றார். அந்த ஆளுக்கு வேளை பார்த்துப் பேசத் தெரியாது.

மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுக் கம்பிகள் அடுக்கியிருந்தன. நேரங்கெட்ட நேரத்தில் சாமர்த்தியம் காட்டிவிட்டோமோ என்று அவளுக்குச் சங்கடமாகப் போய், போனை இறக்கிவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு வரிசைத் தாளைத் தரையில் வைத்தாள்.

"உங்க மத்த கூரையெல்லாம் சரிதான் மாமா. பத்து டிகிரி வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் போகுது. பாருங்க. இங்கதான் பிரியுது. நீங்க டேப்ப மேல விரிச்சீங்க, கீழ விரிச்சிருக்கணும்."

மாமா தாளை வரிசையாக விரலால் தடவிக்கொண்டே போனார். நாற்பத்தைந்தில் விரல் நின்றது. அறுபதுக்கு வந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அறுத்திருந்தேன்னா, கடைக்காரர் கோன் கேட்டாரு, கப்பு குடுத்திருப்பேன்."

வெல்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமாவுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, "உன்னச் சோதிக்கத்தான் நான் வேணும்னே..." என்று ஆரம்பித்தார். மருமகள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு, சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார்.

"நீ போடு."

"நானா?"

"உனக்குத்தானே ரெண்டு பட்டனும் தெரியும்."

மருந்து டப்பாவில் வரைந்தது வேறு, இது நாளைக்கு இரும்பாக நிற்கப் போகிறது. இரண்டு மீட்டர், டேன் அறுபது: 3.46. பழைய கம்பத்தை ஈரத்துணியால் அழித்துவிட்டுப் புதிய கம்பத்தை அதைப் போல இரண்டு மடங்கு உயரமாக இழுத்து, சாய்வையும் அதற்கேற்றபடி போட்டாள். மாமா கருவியை வைத்தார். அறுபது. வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அவள் போட்ட கோட்டை வைத்துக் கம்பியை அளக்க ஆரம்பித்தார்.

"சரி, இம்போசிஷன்" என்றாள், கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே.

அன்று மத்தியானம் அம்மா வேலை முடிந்து வந்தபோது, சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கத்தில் மகள் பதினான்கு கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் தம்பி, கம்பியில் அடையாளம் போடுகிற தடித்த பென்சிலால், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்: 'கூரை மேல் உட்கார்ந்து தரையை அளக்க மாட்டேன்.' வரிக்கு வரி எண் போட வேண்டும் என்பது மருமகளின் கட்டளை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய் டீ போட்டாள்.

இருட்டும்போது மாமா தாள்களை நான்காக மடித்து, "நூறு" என்று சொல்லி நீட்டினார். அவள் கடைசி வரியைப் பார்த்தாள். நூறு என்றுதான் போட்டிருந்தது. கணக்கு நோட்டுக்குள் செருகிவிட்டுப் படிக்கப் போனாள். மறுநாள் பரீட்சை பயத்தில் அதை வெளியே எடுக்க மறந்து, நோட்டை அப்படியே டீச்சர் மேஜையில் வைத்துவிட்டாள். நோட்டுக் கட்டு ஆசிரியர் அறைக்குப் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அதன் பிறகு மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை நோட்டு வந்தது. வாங்கிக்கொண்ட அவள் நேரே ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினாள்.

தெரு திரும்பியதுமே தெரிந்தது. இரண்டு பக்கமும் தட்டையான கடைகள், நடுவில் கவிழ்த்த கோன் மாதிரி கூர்மையாக ஒரு சட்டம். தகடு இன்னும் ஏற்றவில்லை; வெறும் கம்பிதான், அதற்குப் பின்னால் ஆகாயம். கோடு எல்லாம் அவள் தரையில் போட்ட கோடு. அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

மாமா உச்சியில் உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். கீழே கடைக்காரரும் வெல்டரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குச்சி! என்னாச்சு?"

"அறுபத்தேழு!"

"டிகிரியா?"

"மார்க்கு மாமா! செக்‌ஷன் மாறல! வரைபட வகுப்பு உண்டு!"

மாமா மேலேயிருந்து ஸ்பானரை ஆட்டி ஒரு கூச்சல் போட்டார். "நான் சொல்லிக் குடுத்தது! என் மருமக!" என்று கடைக்காரருக்கும், எதிர்க்கடைக்காரருக்கும், எதையும் கேட்காத இன்னும் நாலு பேருக்கும் அறிவித்தார்.

"உங்களுக்கும் மார்க்கு வந்திருக்கு மாமா."

"எனக்கா?"

அவள் நான்காக மடித்த தாளைப் பிரித்து, கீழேயிருந்தே சத்தமாகப் படித்தாள். சிவப்பு மையில், டீச்சரின் பொடிப்பொடியான கையெழுத்து. "'வாக்கியம் நன்று. ஆனால் நாற்பத்தொன்றுக்கு அடுத்து எழுபத்தெட்டு வருகிறது. மொத்தம் அறுபத்து நான்குதான் உள்ளது. மீதி முப்பத்தாறு திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் எழுதியவர் நேரில் வரவும்.'"

நாற்பத்தொன்று மாமாவுக்கு ராசியில்லாத எண் போலிருக்கிறது.

"அண்ணே, நேர்ல போறீங்களா?" என்று வெல்டர் கேட்டார்.

மாமா அவரை முறைத்தார். மருமகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தத் தாளோடு ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்துச் சுருட்டி, வெல்டர் மேலே அனுப்புகிற கயிற்று வாளியில் போட்டாள். வாளி ஏறியது. மாமா ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, காதிலிருந்து தடித்த பென்சிலை எடுத்தார். அறுபது டிகிரி உச்சியில் காலை இரண்டு பக்கமும் தொங்கப் போட்டு உட்கார்ந்தபடி, தொடை மேல் தாளை விரித்து, நாற்பத்திரண்டு என்று எண் போட்டார்.